கடைசியாகப் பார்த்தது

இருபத்தொன்பது வருடம்
ஆஸ்பத்திரிச் சலவைக் கொட்டிலில்
குளோரின் தண்ணீருக்குள் கிடந்த விரல்கள்.
மத்திய வீதி நஸ்மில் கடைப் பெடியன்
ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான்.
பெருவிரல். சுட்டுவிரல். இடது கைக்கும் போனான்.
அடையாளம் காண முடியவில்லை,
மீண்டும் முயற்சிக்கவும் என்றது போன்.
"ரேகையே இல்லையே அன்ரி" என்றான்,
ஏதோ நான் கழற்றி
வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோல.

நாலு இலக்கம் சொல்லுங்கோ, மறக்காத இலக்கம்.
பிறந்த ஆண்டு வேண்டாமாம்,
எல்லாரும் அதைத்தான் போடுவினமாம்.
மறக்காதது எனக்கு ஒன்றுதான்:
காணி வழக்கின் கடைசி நாலு.
ஒன்று, ஒன்று, எட்டு, ஏழு.
பதினொரு வருடமாக
நீதிமன்ற வாசலில் சேவகன் கூப்பிட்ட இலக்கம்.
இப்போது நாளுக்கு நாற்பது தரம்
நானே அதைக் கூப்பிட்டுக்
கதவு திறக்கிறேன்.

ஆறு மாதத் தவணையில் வாங்கினேன்.
அதுவும் தவணைதான்.
ஆனால் இதற்கு முடிகிற திகதி
துண்டில் எழுதியிருக்கிறது.

முதல் கிழமை என் மூக்குத்துவாரத்தை
இருபத்தாறு படம் எடுத்தேன்.
இரண்டாம் கிழமை கரண்ட் நிற்கிற நேரம் பார்த்தேன்,
பென்சன் விழுந்த செய்தியை
மூன்று தரம் வாசித்தேன்.
பிறகு ஒருநாள் கடைப் பெடியனுக்கு
தவணை கட்டியாச்சு என்று எழுதப் போனேன்.
'தவ' என்று வைத்ததும்
போன் முந்திக்கொண்டு மூன்றை நீட்டியது:
தவறு. தவணை. தவமலர்.

பழைய போனில்
அழிக்கத் தெரியாமல் விட்ட பெயர்.
தெரியாமல்தான்.

தொட்டேன். முகமில்லை.
முகம் இருக்கவேண்டிய வட்டத்துக்குள்
விளாட்டு மாமரம்.
பாலையூற்றுக் காணியில், வேலியோரம்,
எனக்கு என்று நானும் தனக்கு என்று அவளும்
நில அளவையாளரை நடுவில் நிற்பாட்டிக்
கத்திய மரம்.
அவளுடைய பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறாள்.
அந்தப் பக்கத்தால் பார்த்தால்
கூடவே காய்த்திருக்கிறது.

இரவு மூன்று பன்னிரண்டு.
டைக் வீதியில் மான்கள்
குப்பைப் பையை இழுக்கிற சத்தம்.
அவள் பெயருக்குக் கீழே
'இணைப்பில்' என்று இருந்தது.
அடுத்த இரவு, கடைசியாகப் பார்த்தது 3.40.
அதற்கடுத்த இரவு, கடைசியாகப் பார்த்தது 2.55.
சீனி கூடியிருக்குமோ, முழங்காலோ.
அம்மாவும் இந்த நேரத்தில்தான் எழும்பி
ஒரு காரணமும் இல்லாமல்
செம்பை விளக்கிவைப்பா.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது
நீதிமன்றப் படியில், மழையில்.
இரண்டும் கறுப்புக் குடை.
மாறி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.
கைப்பிடியில் அவள் சுற்றிய சிவப்பு நூல்
இன்னும் அவிழவில்லை.

நேற்று
மரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கத்தான் தொட்டேன்.
எந்த விரலை ஆரென்று தெரியாதென்றதோ
அதே விரலை இப்போது
ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது.
மணி அடித்தது.
சிவப்புப் பொத்தானைத் தேடினேன்.
எங்கே போனதென்று தெரியவில்லை.

திரை முழுக்க
ஒரு காது.

சுருங்கி, சோணை இறங்கி,
தோட்டு ஓட்டை கீறலாக நீண்டு,
ஒரேயொரு நரைமயிர்.
எழுபது வருடத்தில் ஒருநாளும்
ஒருவருடைய காதை
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"ஆர்? ஆர் கதைக்கிறது?"
பாலையூற்று முழுக்கக் கேட்கிற குரல்.

வழக்கறிஞர் எழுதித் தராத முதல் வசனம்
என் வாயிலிருந்து வந்தது:
"போனைக் காதில இருந்து எடு, தவம்.
இது முகம் பாக்கிறது."

காது அசையவில்லை.
எங்கோ ஒரு பல்லி சொல்லியது.
அவளுடைய வீட்டிலா, என்னுடையதிலா.

"எடுத்தா
எப்பிடியக்கா கேக்கிறது?"